இடாப்பும் ஹாஷ் அட்டவணையும்: கொழும்பில் பதிவு தேடிய வரலாறு

ஒரு பெயரையோ இலக்கத்தையோ கொடுத்ததும் அதற்குரிய பதிவை எடுத்துத் தருவது எல்லாப் பதிவகங்களுக்கும் அடிப்படையான வேலை. பதிவுகள் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், எதைக் கொண்டு தேடுவது என்பது முதலிலேயே தீர்மானிக்கப்படாவிட்டால் அவற்றால் பயனில்லை. அப்படித் தேட உதவும் பெயரையோ இலக்கத்தையோ கணினித்துறை ‘சாவி’ என்கிறது. இன்றைய புள்ளிவிபர நிரல்களில் சாவியைக் கொண்டு பதிவைக் கண்டெடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஹாஷ் அட்டவணையுடையது. கொழும்பில் அதே வேலை தோம்பு, காணிப் பதிவேடு, வாக்காளர் இடாப்பு, அடையாள அட்டை இலக்கம் என்று பல உருவங்களில் நடந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் தேடும் முறையைவிடச் சாவியே அதிகம் தொல்லை கொடுத்தது.

போர்த்துக்கேயர் தொடங்கிய தோம்பு என்ற பதிவேட்டை ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் விரிவாக்கினார்கள். குடும்பங்களைப் பற்றிய தலைத் தோம்பு ஒன்று, நிலங்களைப் பற்றிய காணித் தோம்பு இன்னொன்று. கொட்டாஞ்சேனைக்கு அருகே மேட்டில் நிற்கும் வுல்பெண்டால் தேவாலயம் அந்தக் காலத்துக் கட்டடந்தான். ஞானஸ்நானமும் திருமணமும் அங்கே தனிப் பதிவேடுகளில் ஏறின. தோம்பின் ஒழுங்கு ஊர், ஊருக்குள் குடும்பம் என்பது. ஊர் தெரிந்தவர் உடனே பக்கத்தைப் புரட்டலாம். பெயர் மட்டும் தெரிந்தவர் எல்லாத் தொகுதிகளையும் தேட வேண்டும். வரி வசூலிக்கும் ஆட்சிக்கு ஊர் எப்போதும் தெரிந்திருந்தபடியால் அது குறையாகத் தோன்றவில்லை.

பிரித்தானியர் காலத்தில், 1860களில், காணி உறுதிகளைப் பதியும் முறையும் பிறப்பு இறப்புகளைக் கட்டாயமாகப் பதியும் முறையும் வந்தன. காணிப் பதிவகத்தில் வளர்ந்த நடைமுறை கணினிப் பாடம் படிப்பவரைத் திகைக்க வைக்கும். ஒரு காணிக்கு ஒரு பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கப்படும். விற்பனை, ஈடு, நன்கொடை என்று அந்தக் காணி தொடர்பாக நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியும் அதே பக்கத்தில் ஏறும். பக்கம் நிறைந்துவிட்டால் வேறொரு தொகுதியில் புதிய பக்கம் திறந்து, பழைய பக்கத்தின் அடியில் ‘இன்ன தொகுதி, இன்ன பக்கத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது’ என்று எழுதுவார்கள். புதிய பக்கத்தின் தலையில் வந்த வழியும் குறிக்கப்படும். உறுதி வாங்குமுன் பதிவேடு பார்க்கப் போகும் சட்டத்தரணியின் எழுத்தர் ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்கு இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போவார். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழும் இதே ஒழுங்கு தொடர்ந்தது. ஓர் இடம் நிறைந்தால் அடுத்த இடத்தின் முகவரியை அங்கே எழுதிவைக்கும் இந்த உத்தியை 1950களில் அமெரிக்கப் பொறியியலாளர்கள் மின்னணு இயந்திரத்துக்காகப் புதிதாகக் கண்டறிந்து, சங்கிலியிடல் என்று பெயர் வைத்தார்கள்.

இந்தப் பதிவுத்துறையைச் சீர்செய்தவர்களில் பொன்னம்பலம் அருணாசலம் தனித்து நிற்கிறார். கொழும்பில் 1853இல் பிறந்து கேம்பிரிஜில் படித்து, போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் அவர். கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கொச்சிக்கடையில் உள்ள பொன்னம்பலவாணேசர் கோயிலை 1850களில் எழுப்பியவர் அவருடைய தந்தை பொன்னம்பல முதலியார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டியவர் தமையன் இராமநாதன். தமையனின் பெயரை ஊர் அரசியலுக்கும் கோயிலுக்குமாக நினைவில் வைத்திருக்கிறது. தம்பி பதிவேடுகளுக்குள் செய்த வேலை அவ்வளவு பேசப்படுவதில்லை. 1880களின் பிற்பகுதியில் பதிவாளர் நாயகமான அருணாசலம், சீர்கெட்டுக் கிடந்த காணிப் பதிவகத்தையும் ஆவணக் காப்பறையையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். 1901ஆம் ஆண்டின் தொகைமதிப்பை நடத்தி அதன் அறிக்கையை எழுதியவரும் அவரே. 35 இலட்சத்துக்கும் அதிகமான மக்களை அது எண்ணியது.

அருணாசலம் பார்த்த இந்த இரண்டு வேலைகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். உண்மையில் தொகைமதிப்பு எண்ணுகிறது, பதிவகம் தேடுகிறது. கொட்டாஞ்சேனையில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று சொல்ல எவருடைய பெயரும் தேவையில்லை. ஆனால் ஒரு குறித்த பிள்ளை எந்த ஆண்டில் பிறந்தது என்று சொல்ல ஒரே ஒரு வரியைக் கண்டுபிடித்தாக வேண்டும். புள்ளிவிபரவியல் நீண்ட காலம் எண்ணும் பக்கத்தில் நின்றது. ஓர் ஆய்வின் பதிவை இன்னோர் அட்டவணையுடன் வரிக்கு வரி பொருத்த வேண்டிய நிலை வந்தபோதுதான் அது தேடும் பக்கத்துக்குக் கடந்தது.

பதிவுகள் எந்த ஒழுங்கில் கிடக்கின்றன என்பதே எந்தக் கேள்விக்கு எளிதில் பதில் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்ததிலிருந்து வாக்காளர் இடாப்பு பெரிய ஆவணமாக வளர்ந்தது. அதன் ஒழுங்கு வாக்கெடுப்புப் பிரிவு, வீதி, வீட்டிலக்கம் என்பது. ஓர் ஆள் எங்கே இருக்கிறார் என்று அதில் தேடுவது சிரமம். ஒரு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதோ மிக எளிது. 1983 ஜூலையின் கடைசி வாரத்தில் வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல பகுதிகளில் தமிழர் வீடுகளைக் கும்பல்கள் தாக்கியபோது, அவர்கள் கையில் வாக்காளர் இடாப்புகள் இருந்ததாகக் கண்கண்டவர்கள் பலர் சொன்னார்கள். பத்திரிகைகளும் அதை எழுதின. வீட்டிலக்க வரிசையும் அதன் எதிரே பெயரும் இருந்தால், எந்த வீட்டில் தமிழ்ப் பெயர் இருக்கிறது என்று கண்டறியக் கணினி தேவைப்படவில்லை. வாக்களிக்கச் செய்த ஒழுங்கு இன்னொரு கேள்விக்கும் அதே வேகத்தில் பதில் சொன்னது. பின்னர் போர்க்காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளிலும் விடுதிகளிலும் தங்கியிருப்பவர்களின் விபரங்களைப் பொலிஸில் பதிவது வழக்கமாயிற்று. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கும் அதிகமான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது.

ஆளுக்கு ஓர் இலக்கம் என்ற ஏற்பாடு 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்துடன் வந்தது. 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. பழைய இலக்கம் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அந்த நாளுடன் 500 கூட்டப்படும். அடுத்த மூன்றும் தொடரிலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். பின்னால் வரும் ‘வி’ என்ற எழுத்து வாக்குரிமையைக் குறித்தது, இல்லாதவருக்கு ‘எக்ஸ்’. எல்லா ஆண்டுகளுக்கும் 366 நாள் என்பதே கணக்கு. ஆகவே பெப்ரவரி 29 இல்லாத ஆண்டிலும் மார்ச் 1ஆம் திகதி 061ஆம் நாள்தான். இதனால் 367 முதல் 500 வரையிலான நாள் எண்கள் எவருக்கும் வருவதில்லை. 866க்கு மேலும் அப்படியே. அட்டையை ஒருமுறை பார்த்தவர் வயதையும் பாலையும் அறிந்துகொள்வார். பெண்களிடம் வயதைக் கேட்கக் கூடாதென்ற நாகரிகம் இந்த இலக்கத்துக்கு எட்டவில்லை.

இந்த அமைப்பில் தொடரிலக்கத்தின் வேலையைக் கவனிக்க வேண்டும். ஓர் அறையில் 23 பேர் இருந்தால் அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல். நாடு முழுவதையும் எடுத்தால் ஒவ்வொரு நாளிலும் நூற்றுக்கணக்கானோர் வந்து குவிவார்கள். 1980களில் இலங்கையில் ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு இலட்சம் பிள்ளைகள் பிறந்தார்கள். நாளுக்கும் பாலுக்குமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 550 பேர். மூன்று இலக்கத் தொடர் ஆயிரம் பேரைத்தான் தாங்கும், ஆகவே அது பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. ஆண்டுக்கு இரண்டு இலக்கங்களே இருந்தபடியால் 2000க்குப் பிறகு பிறந்தவர்கள் நூறு வருடத்துக்கு முந்தியவர்களின் இலக்கங்களோடு முட்டுவதும் தவிர்க்க முடியாததாயிற்று. 2016இல் பன்னிரண்டு இலக்க முறை வந்தது. ஆண்டுக்கு நான்கும் தொடருக்கு நான்கும் கொடுத்து, எழுத்தை எடுத்துவிட்டார்கள்.

இத்தகைய இலக்கத்தைக் கொண்டு கணினியில் பதிவை எடுப்பதற்கு நேரடியான வழி, ஒவ்வொரு இலக்கத்துக்கும் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்குவது. ஒன்பது இலக்கச் சாவிக்கு நூறு கோடி இடங்கள் தேவை. ஆட்களோ இரண்டு கோடி சொச்சம். இடங்களில் மிகப் பெரும்பாலானவை வெறுமையாகக் கிடக்கும். ஹாஷ் முறை சாவியை ஒரு கணக்குக்குள் செலுத்தி, சிறிய அட்டவணையில் ஓர் இட எண்ணாகச் சுருக்குகிறது. மிக எளிய கணக்கு வகுத்து மீதியை எடுப்பது. 97 இடங்கள் கொண்ட அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம். 704001234 என்ற இலக்கத்தை 97ஆல் வகுத்தால் மீதி 66. பதிவு 66ஆம் இடத்துக்குப் போகும். (400ஆம் நாள் என்று ஒன்று இல்லாததால் இந்த இலக்கம் எவருக்கும் சொந்தமில்லை.) மறுபடி தேடும்போதும் அதே கணக்கு அதே 66ஐத் தரும், மற்ற 96 இடங்களையும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் 704001331 என்ற சாவிக்கும் மீதி 66தான். இதுதான் மோதல். அப்போது காணிப் பதிவகத்தைப் போல 66ஆம் இடத்திலிருந்து ஒரு சங்கிலி தொடங்கலாம், அல்லது அடுத்து வெறுமையாக உள்ள இடத்தில் பதிவை வைக்கலாம். வகுக்கும் எண்ணாக ஆயிரத்தைத் தேர்ந்தால் சாவியின் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டுமே கணக்கில் வரும். பிறந்த ஆண்டும் நாளும் வீணாகப் போகும். முதன்மை எண்ணால் வகுத்தால் எல்லா இலக்கங்களும் விடையைப் பாதிக்கும். பிறந்த நாளை அடிப்படையாகக் கொண்ட அடையாள இலக்கத்தைப் போன்ற, சில இடங்களில் திரண்டும் சில இடங்களில் வெறிச்சோடியும் கிடக்கும் சாவிகளுக்கு இந்த வேறுபாடு பெரியது.

ஹாஷ் என்ற எண்ணத்தை முதலில் எழுத்தில் வைத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன். 1953 ஜனவரியில் அவர் எழுதிய உள்ளகக் குறிப்பில் சங்கிலி முறையும் இருந்தது. கடன் அட்டை எண்களின் சோதனை இலக்கத்துக்கு இன்றும் பயன்படும் கணக்கும் அவருடையதே. ஏறக்குறைய அதே காலத்தில் ஜீன் அம்டால், எலேன் மக்ரோ, ஆர்தர் சாமுவேல் ஆகியோர் ஐ.பி.எம். 701 இயந்திரத்துக்கான நிரலில் அடுத்த வெறுமையான இடத்தைத் தேடும் முறையைக் கையாண்டார்கள். ஆர்னோல்ட் டூமி 1956இல் ஒரு சஞ்சிகையில் எழுதி இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். முதன்மை எண்ணால் வகுத்து மீதி எடுக்கும் யோசனை அவருடைய கட்டுரையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு வெஸ்லி பீற்றர்சனின் விரிவான ஆய்வு வந்தது. சோவியத் நாட்டில் ஆந்திரேய் எர்ஷோவ் அடுத்த வெறுமையான இடத்தைத் தேடும் முறையைத் தனியாகவே கண்டறிந்தார். அட்டவணை எவ்வளவு நிரம்பினால் தேடல் எவ்வளவு மெதுவாகும் என்ற கேள்விக்கு டொனால்ட் க்னூத் 1963இல் எழுதிய குறிப்பு துல்லியமான விடை தந்தது. அடுத்த இடத்தைப் பார்க்கும் முறையில் அட்டவணை பாதி நிரம்பியிருந்தால், உள்ள ஒரு சாவியைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 1.5 இடங்களைப் பார்த்தால் போதும். பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிவிட்டால் 5.5 இடங்கள். இல்லாத சாவியைத் தேடி ‘இல்லை’ என்று உறுதிசெய்ய 50.5 இடங்கள். இடத்தைத் தாராளமாக விடுவதே இந்த முறைக்கு வேகம் தருகிறது.

புள்ளிவிபர மென்பொருள்களுக்குள் இது தாமதமாகவே வந்தது. எஸ்.பி.எஸ்.எஸ். 1968இலும் சாஸ் நிறுவனம் 1976இலும் தோன்றியவை. அட்டையும் காந்த நாடாவும் ஆண்ட அந்த நாளில் இரண்டு கோப்புகளைப் பொருத்த ஒரே வழி, இரண்டையும் ஒரே சாவியின்படி வரிசைப்படுத்தி ஒன்றோடொன்று சேர்த்து வாசிப்பது. நாடா முன்னோக்கி ஓடும், இடையில் தாவாது. ஆகவே அது அறியாமையால் வந்த பழக்கமில்லை. நினைவகம் பெருகிய பிறகும் பழக்கம் நீடித்தது. 1990களின் பிற்பகுதியில் பால் டோர்ஃப்மன் என்ற நிரலாளர் சாஸ் மொழியின் சாதாரண அணிகளைக் கொண்டே ஹாஷ் அட்டவணைகளைக் கையால் கட்டிக் காட்டி, தமது துறையினரை வியக்க வைத்தார். சில ஆண்டுகளில் சாஸ் 9ஆம் பதிப்பு ஹாஷ் அட்டவணையை மொழிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. ஆர் மொழியின் 1.0.0 பதிப்பு 2000 பெப்ரவரி 29இல் வெளியானது (அடையாள அட்டைக் கணக்கில் அது 060ஆம் நாள்). ஆர் மொழியில் ‘சூழல்’ எனப்படும் அமைப்பும் இரண்டு பட்டியல்களைப் பொருத்தும் அடிப்படைச் செயலும் உள்ளே ஹாஷ் அட்டவணையாகவே இயங்குகின்றன. பைதனின் அகராதி வகையும் அதுதான்.

இலங்கையின் தரவிலேயே இதன் பயனை அளந்து பார்க்கலாம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டலகு வருமான செலவு ஆய்வு 2016இல் 25,000 வீட்டலகுகளை மாதிரியாக எடுத்தது. நாட்டில் கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் 14,000க்கு மேல். ஒவ்வொரு வீட்டலகுக்கும் அதன் பிரிவின் விபரத்தைச் சேர்க்க வேண்டுமென்று வைத்துக்கொள்ளலாம். பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்தால் சராசரியாக 7,000 வரிகள், மொத்தம் 17.5 கோடி ஒப்பீடுகள். பட்டியலை வரிசைப்படுத்தி நடுவில் வெட்டி வெட்டித் தேடினால் ஒவ்வொன்றுக்கும் 14 ஒப்பீடுகள், மொத்தம் மூன்றரை இலட்சம். ஹாஷ் அட்டவணையில் வைத்தால் 25,000ஐவிடக் கொஞ்சம் அதிகம். சிறிய பட்டியல் ஒருமுறை நினைவகத்தில் ஏறினால் போதும். பெரிய கோப்பை வரிசைப்படுத்தாமலே ஓடவிடலாம். ஆனால் ஹாஷ் அட்டவணைக்கு முன் பின் தெரியாது. ‘30க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதினர் எல்லோரும்’ என்று கேட்டால் அது கைவிரிக்கும். அத்தகைய தேடலுக்கு வரிசைப்படுத்திய பட்டியலே இன்றும் நல்லது.

தேடல் இவ்வளவு மலிந்ததும் எஞ்சிய துன்பம் முழுவதும் சாவியின் தலையில் விழுந்தது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒரே மாநகரசபைக்குள் இருந்தாலும் வெவ்வேறு பிரதேச செயலகங்களைச் சேர்ந்தவை. வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரிவில் அடங்கும், கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரிவில். தபால்காரருக்கு அவை கொழும்பு 6, கொழும்பு 13. மக்கள் முகவரியில் எழுதும் இலக்கமும் தொகைமதிப்பு பயன்படுத்தும் குறியெண்ணும் ஒன்றையொன்று அறியாதவை. 005 என்ற குறியெண்ணை விரிதாள் எண்ணாக எண்ணி 5 ஆக்கிவிட்டால், ஹாஷ் அட்டவணை அதைப் புதிய சாவியாகவே பார்க்கும். பிழை என்று சொல்லாது. அந்த வரிக்குரிய விபரம் வெறுமையாக வரும். அடையாள இலக்கத்திலும் இதே கதைதான். ஒரே ஆள் பழைய அட்டையுடன் ஒரு கோப்பிலும் புதிய இலக்கத்துடன் இன்னொரு கோப்பிலும் இருக்கலாம். 704001234வி என்பதைப் பன்னிரண்டு இலக்கமாக்கினால் 197040001234. முன்னால் 19, நாளுக்கும் தொடருக்கும் நடுவில் ஒரு 0. இந்த மாற்றத்தைச் செய்த பிறகே பொருத்த வேண்டும். பன்னிரண்டு இலக்கம் ஆர் மொழியின் முழுவெண்ணுக்குள் அடங்காது, அதன் உச்சம் 2,147,483,647. ஆகவே அனுபவமுள்ளவர்கள் இலக்கத்தை எழுத்துத் தொடராகவே வைத்திருப்பார்கள். ‘இலக்கம் என்றாலே எண்’ என்று நினைப்பது புதியவர்களின் வழக்கமான இடறல்.

இலக்கமே இல்லாத இடத்தில் பெயர்தான் சாவி. தமிழ்ப் பெயர் சாவியாகப் படும் பாடு சொல்லி மாளாது. தகப்பன் பெயர் முன்னால் முதலெழுத்தாக நிற்கும், சில கோப்புகளில் முழுமையாக வரும், சிலவற்றில் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குள் போய் உட்காரும். திருமணத்துக்குப் பின் கணவரின் பெயர் வரும். ஆங்கிலத்தில் எழுதும்போது கணேசன் ‘கே’யில் தொடங்குவதும் உண்டு, ‘ஜி’யில் தொடங்குவதும் உண்டு. செல்வராஜா ‘எஸ்’ஸிலும் தொடங்குவார், ‘சி-எச்’சிலும் தொடங்குவார். ஒலியால் பெயரைச் சுருக்கும் சவுண்டெக்ஸ் முறைக்கு ராபர்ட் ரஸல் அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்றார். அங்கே பழைய தொகைமதிப்புகளின் பெயர்ச் சுட்டிகள் இந்த முறையில் செய்யப்பட்டன. வேண்டுமென்றே மோதலை உண்டாக்கும் கணக்கு அது: ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள் ஒரே இடத்துக்கு வரட்டும் என்பதே நோக்கம். ஆனால் முதல் எழுத்தை அது அப்படியே வைத்துக்கொள்கிறது. கணேசன் ஒரு கோப்பில் கே525 ஆகவும் இன்னொன்றில் ஜி525 ஆகவும் இருப்பார். செல்வராஜா எஸ்416, சி416 என்று பிரிவார். ஒரே தமிழ் எழுத்து பல ஆங்கில எழுத்துகளாகும் மொழிக்கு, அது காக்கும் இடமே தவறான இடம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கொழும்பில் தன்னார்வ நிரலாளர்கள் லங்கா மென்பொருள் மன்றத்தின் ஆதரவில் உருவாக்கிய சஹானா மென்பொருளில் காணாமற்போனோர் பதிவேடும் முகாம் பதிவேடும் இருந்தன. அத்தகைய பேரிடர்களில் தேடி வருபவரிடம் இருப்பது பெயரும் ஊருந்தான்.

பெயரைத் தமிழிலேயே எழுதிவிட்டால் சிக்கல் தீரும் என்று தோன்றலாம். இலங்கையில் நெடுங்காலம் தட்டச்சுக்குப் பாமினி எழுத்துரு ஆண்டது. அதில் எழுதிய சொல் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் ஆங்கிலக் குறிகளின் கோவைதான்; யூனிகோடில் எழுதிய அதே சொல்லோடு ஒருபோதும் பொருந்தாது. யூனிகோடுக்கு மாறிய பின்னும் பொறிகள் உண்டு. கொழும்பு என்ற சொல்லின் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தின் பின் ஒகரக் குறி ஒன்றை வைப்பது ஒரு வழி. கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறிகளாக வைப்பது மற்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஹாஷ் கணக்குக்கு இரண்டு வேறு நகரங்கள். கொட்டாஞ்சேனைக்கும் இதே ஆபத்து. வெள்ளவத்தையில் இரட்டைக் குறி உயிர்மெய் எதுவும் இல்லாததால் அது தப்பித்துக்கொள்கிறது. யூனிகோடின் இயல்பாக்கம் என்ற நடவடிக்கையை முதலில் செய்தால் இந்த இரண்டு வடிவங்களும் ஒன்றாகும். ஆனால் ஸ்ரீ என்ற எழுத்துக்கு அதுவும் உதவாது. ஸகரத்தில் தொடங்கும் கோவை ஒன்றும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த இன்னொரு சகரத்தில் தொடங்கும் கோவை ஒன்றும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே உருவமாகத் தெரியும். இயல்பாக்கம் அவற்றைத் தொடுவதில்லை. ஸ்ரீகாந்தன், ஸ்ரீதரன் என்ற பெயர்கள் நிறைந்த பட்டியலில் இதற்கெனத் தனி விதி எழுதியே ஆக வேண்டும்.

வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் 1990இல் தொடங்கிய தகவல் தொழினுட்ப நிறுவனமும், 2002இல் உருவான கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியும் மாணவர்களுக்குத் தரவுக் கட்டமைப்புகளைக் கற்பிக்கின்றன. வகுப்பில் அதிக நேரம் பிடிப்பது மோதலைத் தீர்க்கும் முறைகள். வேலைக்குப் போன பின் அவற்றை மொழியே பார்த்துக்கொள்கிறது. சாவியைத் துப்புரவாக்குவதுதான் நாளெல்லாம் நடக்கும் வேலை.

ஹாஷ் கணக்குக்கு இன்னொரு பயன்பாடும் வந்திருக்கிறது: ஆய்வுக்காகத் தரவை வெளியே கொடுக்குமுன் அடையாள இலக்கத்தை மறைப்பது. ஒருவழிக் கணக்கில் இலக்கத்தைச் செலுத்தி, விடையை மட்டும் கோப்பில் விட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின் இந்தக் கேள்விக்குச் சட்ட முக்கியத்துவமும் சேர்ந்தது. அடையாள இலக்கத்தின் அமைப்பே இந்த நம்பிக்கையைக் கெடுக்கிறது. நூறு ஆண்டுகள், ஆணுக்கும் பெண்ணுக்குமாக 732 நாள் எண்கள், ஆயிரம் தொடரிலக்கங்கள்: பெருக்கினால் 7 கோடியே 32 இலட்சம். சோதனை இலக்கத்தின் விதி தெரியாதவர் பத்து மடங்கு முயல வேண்டியிருக்கும். சாதாரண மேசைக் கணினி நொடிக்கு இலட்சக்கணக்கான ஹாஷ் கணக்குகளைச் செய்யும். ஆகவே எல்லா இலக்கங்களுக்கும் விடையை முன்கூட்டியே கணித்து ஒரு ஹாஷ் அட்டவணையில் வைத்துக்கொண்டு, மறைத்த கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் உரிய ஆளை உடனுக்குடன் எடுத்துவிட முடியும். இதைத் தடுக்க, கணக்குக்குள் ஓர் இரகசியத் தொடரையும் சேர்த்துச் செலுத்தி, அந்தத் தொடரைத் தரவு பெறுபவருக்குக் கொடுக்காமல் தரவைத் திரட்டிய அலுவலகமே தனியாக வைத்திருக்க வேண்டும்.